இன்வர்ட்டரும் வானொலியும்: இரைச்சலை அடக்கும் வழி

மின்சாரம் தடைப்படும் வேளையிலேதான் கிராமத்துக்கு வானொலி மிகவும் வேண்டியதாகிறது. அதே வேளையிலேதான் இன்வர்ட்டரும் ஓடத் தொடங்குகிறது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் எளிதில் ஒத்துப்போவதில்லை என்பதை நாம் ஒரு புயலிரவில் அறிந்துகொண்டோம்.

2020ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இரவு. நிவர் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. கடலையடுத்த எமது வட்டாரத்தில் முன்னெச்சரிக்கையாக மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. தாழ்ந்த இடங்களில் குடியிருந்தோர் ஒரு பள்ளிக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். இரண்டாண்டுகளுக்கு முன், 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபோது பல ஊர்கள் நாட்கணக்கிலன்றி வாரக்கணக்கில் இருளில் கிடந்தன, கைப்பேசிகளும் ஊமையாகிவிட்டன. அந்தப் பாடத்தை மறவாமல் அப்பள்ளியின் கூரைமீது சூரிய மின்தகடுகளும், உள்ளே பாட்டரியும் இன்வர்ட்டரும், மேசைமீது ஒரு நல்ல வானொலிப் பெட்டியும் வைக்கப்பட்டிருந்தன. ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லையென்றே நாம் எண்ணியிருந்தோம்.

இரவு ஒன்பது மணியளவில், புயல் திசைமாறி நமது கரைக்கே வருகிறது என்றொரு வதந்தி பள்ளிக்குள் புகுந்தது. படகுகளை மேட்டில் இழுத்துக் கட்டிவிட்டு வருகிறோம் என்று இளைஞர் பத்துப் பன்னிருவர் மழையில் புறப்பட ஆயத்தமாயினர். உண்மை அறிய வானொலியைத் திருப்பினோம். திருச்சிராப்பள்ளி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் வண்டு குடைவதுபோன்ற ஒரு கரகரப்பே கேட்டது. முள்ளை எங்கே நகர்த்தினாலும் அதே ஒலிதான். வானத்தின் கோளாறு என்றனர் சிலர். பெட்டி பழுது என்றனர் சிலர். மூலையில் அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர், "ஐயா, அந்த இன்வர்ட்டரைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். எங்கள் வீட்டிலும் அது ஓடினால் ரேடியோ இப்படித்தான் அழும்" என்றார். நிறுத்தினோம். விளக்குகள் அணைந்தன, இருளில் செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாக ஒலித்தது. புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் செல்கிறது என்பதை அனைவரும் கேட்டனர். புறப்பட இருந்த இளைஞர்கள் மீண்டும் உட்கார்ந்தனர்.

வெளிச்சம் வேண்டுமா, செய்தி வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கவேண்டிய நிலை ஒரு புகலிடத்துக்கு ஏற்றதன்று. ஆகவே மழைக்காலம் கழிந்தபின் ஊர் வயர்மேன் ஒருவரையும், வானொலி நுட்பத்தில் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் துணைகொண்டு அக்கட்டடத்தை நாம் ஆராய்ந்தோம். அதில் கற்றவற்றை ஏனைய ஊராட்சிகளும் பயன்படுத்திக்கொள்ளவே இக்கட்டுரை.

கைப்பேசிக் காலத்தில் வானொலியை யார் கேட்கிறார்கள் என்று கேட்போர் உண்டு. காவிரி டெல்டாவுக்கு இக்கேள்வி பொருந்தாது. 1939இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி நிலையம், 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றி ஓயாமல் எடுத்துச் சொன்னதன் பயனாகத் தஞ்சை உழவர்கள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டனர். கைப்பேசிக்கு அருகிலொரு கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மத்திய அலை வானொலிக்கோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நிலையமும், கையில் இரண்டு உலர் மின்கலங்களும் இருந்தால் போதும்.

இனி இரைச்சலின் பிறப்பைப் பார்ப்போம். பாட்டரியிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டுச் சாதனங்களுக்கு வேண்டுவதோ வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசையும் மின்சாரம். இன்வர்ட்டர் அந்த நேர் மின்சாரத்தை வெகு விரைவாகத் திறந்தும் மூடியும் இந்த அசைவை உண்டாக்குகிறது. வாய்க்கால் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையை மெல்ல உயர்த்தினால் நீர் அமைதியாகச் செல்லும். வெடுக்கென்று தூக்கி வெடுக்கென்று போட்டால் வாய்க்கால் நெடுகிலும் அலை எழும்பி, கடைமடை வரையில் கரையில் மோதும். மலிவான இன்வர்ட்டர்கள் செய்வது இந்த இரண்டாவது வேலை. அவை தரும் மின்சாரத்தின் வடிவம் அலைபோல் வளைந்திராமல் பெட்டிபோல் சதுரமாக இருக்கும்.

சதுர அலையில் 50 ஹெர்ட்ஸ் மட்டும் இருப்பதில்லை. அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று ஒற்றைப்படை மடங்குகள் யாவும் கலந்திருக்கும்; மடங்கு ஏற ஏற வலிமை குறையும். மேற்சொன்ன 936 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழுவது 18,721ஆம் மடங்கு. அத்தனை தொலைவிலுள்ள மடங்கு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால், 230 வோல்ட் சதுர அலையின் ஓரங்கள் முற்றிலும் செங்குத்தாக இருக்குமாயின், அந்த ஒரு மடங்கின் அளவு மட்டும் ஏறத்தாழ 15 மில்லிவோல்ட் ஆகும். உண்மையான இன்வர்ட்டரில் ஓரங்கள் அவ்வளவு செங்குத்தாக இரா. ஆகவே இதனினும் குறையும். ஆனால் தொலைவிலுள்ள நிலையத்திலிருந்து பெட்டிக்குள் வந்து சேரும் அலையோ மைக்ரோவோல்ட் கணக்கில் அளக்கப்படுவது. ஆயிரம் மைக்ரோவோல்ட் சேர்ந்தால்தான் ஒரு மில்லிவோல்ட். யானையின் காலடியில் எறும்பு பேசுவதுபோல நிலையத்தின் குரல் அமுங்கிப்போவதில் வியப்பில்லை.

இந்நோய் புதியதன்று. வால்வு ரேடியோக்களின் காலத்தில், மின்சாரம் இல்லாத ஊர்களில் 6 வோல்ட் பாட்டரியைக் கொண்டு பெட்டியை இயக்க 'வைப்ரேட்டர்' என்றொரு கருவி இருந்தது. அதனுள் ஒரு மெல்லிய உலோக நாக்கு வினாடிக்கு நூறு முறைக்குமேல் துடித்து மின்சாரத்தை வெட்டி வெட்டித் தரும். அதன் இரைச்சலை அடக்க அக்காலத்தார் அதனை உலோகக் குவளைக்குள் மூடி, கம்பிகள் வெளிவரும் இடத்தில் சுருளும் கண்டென்ஸரும் வைத்தனர். இன்றைய மருந்தும் அடிப்படையில் அதுவே. மின்சாதனங்களால் வானொலிக்கு நேரும் குறுக்கீட்டுக்கு வரம்பு வகுக்க 1934லேயே பாரிஸில் ஒரு சர்வதேசக் குழு அமைக்கப்பட்டது. 'சிஸ்பர்' எனப்படும் அக்குழுவின் விதிகளே இன்றும் பல நாடுகளின் தரங்களுக்கு அடிப்படை.

மருந்துக்கு முன் நோயைக் காணவேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. உலர் மின்கலத்தில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று போதும். முதலில் கட்டடத்தின் மெயினையும் இன்வர்ட்டரையும் முற்றிலும் நிறுத்திக் கேட்கவேண்டும். முற்றிலும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. பல இன்வர்ட்டர்களில் முகப்பிலுள்ள சுவிட்சை அணைத்தாலும் உள்ளே பாட்டரிக்கு மின்னேற்றும் பகுதி ஓடிக்கொண்டே இருக்கும். அதுவும் இரைச்சல் தரும். ஆகவே பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். எல்லாம் நின்ற பின்னும் கரகரப்பு இருந்தால் குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறான். அடுத்த வீட்டையோ தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மரையோ பார்க்கவேண்டும். நின்றுவிட்டால், ஒவ்வொன்றாகப் போட்டு எது போடும்போது இரைச்சல் வருகிறதென்று காணவேண்டும்.

வானொலிப் பெட்டிக்குள் நீளவாக்கில் ஒரு பெரைட்டுத் தண்டு இருக்கிறது. மத்திய அலையைப் பிடிப்பது அதுவே. தண்டின் முனை எந்தத் திசையை நோக்குகிறதோ அத்திசையிலிருந்து வரும் ஒலி மிகவும் குறையும். ஆகவே பெட்டியை மெல்லச் சுழற்றி, இரைச்சல் மடியும் நிலையில் நிறுத்தினால், இரைச்சலின் பிறப்பிடம் தண்டின் நேர்க்கோட்டில் ஒரு பக்கத்தில் இருக்கிறதென்று தெரிந்துகொள்ளலாம். சுவரோரம் ஓடும் கம்பிகளால் இக்குறி சில வேளைகளில் பிசகும். என்றாலும் நெருங்க நெருங்கத் தெளிவாகும். அவசர வேளையில் இதுவே ஒரு தற்காலிக மருந்துமாகும். நிலையம் கேட்கும்படியாகவும் இரைச்சல் மடியும்படியாகவும் பெட்டியைத் திருப்பி வைத்துக் கேட்கலாம்.

இரைச்சலின் தன்மையும் ஒரு தடயம். முள்ளை நகர்த்தும்போது எங்கும் ஒரே அளவாகக் கரகரத்தால் அது பெரும்பாலும் சதுர அலை இன்வர்ட்டர். சம இடைவெளிகளில் ஆங்காங்கே மட்டும் விசிலும் இரைச்சலும் எழுந்து இடையே அமைதி நிலவினால், உயர் வேகத்தில் மின்சாரத்தை வெட்டும் ஒரு சாதனம் ஓடுகிறதென்று பொருள். 20 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வெட்டும் சாதனம் 20, 40, 60 என்று ஒவ்வொரு மடங்கிலும் கால் வைக்கும். சென்னை நிலையத்தின் 720 அதன் முப்பத்தாறாவது மடங்கு. சூரிய மின்தகட்டோடு இணைக்கும் மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி, எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி மின்னேற்றி யாவும் இந்த இனம்.

நமது பள்ளியில் கண்டது என்ன? பாட்டரியிலிருந்து வரும் வாயு வகுப்பறையில் தங்கக்கூடாதென்று அதனை அடுத்த அறையில் வைத்திருந்தனர். அது சரியான செயலே. ஆனால் நேர்முனைக் கம்பி கதவின் மேலாகவும், எதிர்முனைக் கம்பி சன்னலின் கீழாகவும் கொண்டுவரப்பட்டிருந்தன. சுவரழகு கெடாமல் இருக்கவேண்டுமென்று அப்படிச் செய்தார்களாம். ஆக, ஒரு சுவர் முழுவதும் ஒரே வளையமாகிவிட்டது. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 600 வாட் எடுக்க 50 ஆம்பியருக்குக் குறையாத மின்சாரம் துடித்துத் துடித்து ஓடவேண்டும். அத்தனை மின்சாரம் அவ்வளவு பெரிய வளையத்தில் ஓடினால், அச்சுவர் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமாகவே வேலை செய்யும். வானொலி மேசையோ அச்சுவரை ஒட்டியே போடப்பட்டிருந்தது!

வளையத்தின் பரப்பு குறைந்தால் அதிலிருந்து வெளிப்படும் அலையும் குறையும். ஆகவே இரு கம்பிகளையும் ஒரே வழியில், ஒன்றோடொன்று ஒட்டி, ஓரடிக்கு ஒரு முறை நாடாவால் இறுகக் கட்டிக் கொண்டுவந்தோம். இயன்ற மட்டும் குட்டையாகவும் வெட்டினோம். இந்த ஒரு வேலையிலேயே இரைச்சலில் பெரும் பங்கு போய்விட்டது. செலவு நாடாவுக்கு மட்டும். இன்வர்ட்டரின் வெளிச்சமும் சற்றே கூடியதாக வயர்மேன் கூறினார். கம்பி குறைந்தால் அதில் வீணாகும் வோல்ட்டும் குறையுமாதலால் அதை நம்பலாம்.

கூரைமீதிருந்து வரும் கம்பிகளிலும் இதே பிழை இருந்தது; பகற்பொழுதில் கேட்ட விசில் அதனால் விளைந்ததே. அவற்றையும் இணைத்துக் கட்டினோம். 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் வயல்களில் சூரிய மின் பம்புசெட்டு அமைத்துள்ள விவசாயிகளும், வீட்டுக் கூரையில் மின்தகடு பொருத்தியோரும் தம் கம்பிகளை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பது நல்லது. வேலை நடக்கும் நாளிலேயே அருகிலிருந்து, இரு கம்பிகளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொண்டால் பிறகு தொல்லையில்லை.

மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். அருகிலுள்ள வளையத்திலிருந்து வரும் காந்தப் புலம், தொலைவு இரு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் மின்கம்பி ஓடும் சுவரையும் விட்டு விலகவேண்டும். ஏனெனில் மீதி இரைச்சல் கம்பிகளின் வழியாகவே கட்டடம் முழுவதும் நடந்து செல்கிறது.

அந்த மீதிக்குத்தான் பெரைட்டு வளையம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இதிலேதான் பலரும் பணத்தை வீணாக்குகின்றனர். பெரைட்டு என்பது இரும்பு ஆக்ஸைடு கலந்து சுட்ட, கரிய மட்பாண்டம்போன்ற பொருள். கம்பியை அதில் சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் தடையின்றிச் செல்லும், இரைச்சல் தடுக்கப்படும். சுற்றின் எண்ணிக்கை முக்கியம். ஐந்து சுற்றுக்குத் தடை ஐந்து மடங்கன்று, இருபத்தைந்து மடங்கு. பத்துச் சுற்றுக்கு நூறு மடங்கு. கணினிக் கம்பிகளில் மாட்டுவதற்கென்று கடைகளில் விற்கும் சிறு கவ்வு வளையங்கள் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளுக்காகச் செய்யப்பட்டவை. ஒன்றை மாட்டிவிட்டு மத்திய அலையில் பயனை எதிர்பார்ப்பது வீண். மாங்கனீசு-துத்தநாகம் சேர்ந்த வகையைக் கேட்டு, பெரிய துளையுள்ளதாக வாங்கவேண்டும்.

கம்பிகள் அனைத்தையும் சேர்த்தே சுற்றவேண்டும்; ஒன்றை மட்டும் சுற்றலாகாது. சாதனங்களுக்குச் செல்லும் மின்சாரம் ஒரு கம்பியில் போய் மறு கம்பியில் திரும்புவதால், இரண்டும் ஒன்றாக வளையத்தில் நுழையும்போது அவற்றின் காந்தம் ஒன்றையொன்று அழித்துவிடும். வளையத்துக்கு அச்சுமையே தெரியாது. இரைச்சலின் ஒரு பெரும் பகுதியோ இரு கம்பிகளிலும் ஒரே திசையில் சென்று நிலத்தின் வழியாகத் திரும்புகிறது; அதுவே வளையத்தில் மாட்டிக்கொள்ளும். ஒற்றைக் கம்பியைச் சுற்றினால் 50 ஆம்பியரின் காந்தம் முழுவதும் ஏறி, பெரைட்டு செறிந்துபோய்ச் செயலற்றுவிடும். நாம் இன்வர்ட்டரிலிருந்து வெளிவரும் மூவிழைக் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றினோம். பாட்டரிக் கம்பிகள் தடித்தவையாதலால் பெரிய வளையமொன்றில் இரு முறை நுழைத்ததோடு நிறுத்திக்கொண்டோம். வளையங்களுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள்ளாகவே செலவாயிற்று.

கண்டென்ஸர் வைத்து அடக்கலாமே என்று வயர்மேன் கேட்டார். சதுர அலை இன்வர்ட்டரின் வெளிமுனையில் நேராகக் கண்டென்ஸரை இணைப்பது ஆபத்து. அலையின் செங்குத்தான ஒவ்வோர் ஓரத்திலும் அது பெரும் மின்சாரத்தை இழுத்து, தானும் சூடாகி இன்வர்ட்டரையும் கெடுக்கும். மெயின் இணைப்பில் வைப்பதாயின் அதற்கென்றே சான்று பெற்ற 'எக்ஸ்' வகையும், நிலத்தொடர்புக்கு 'ஒய்' வகையும் மட்டுமே பொருந்தும். வேறு எதை வைத்தாலும் தீ விபத்துக்கும் மின் அதிர்ச்சிக்கும் இடமாகும். சுருளும் கண்டென்ஸரும் சேர்த்து உலோகப் பெட்டியில் அடைத்த வடிகட்டிகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. இன்வர்ட்டர் தயாரித்தவர்கள் அனுமதித்தால் அதையே வாங்கிப் பொருத்தலாம்.

பாட்டரியைத் தொடும் வேலையை அறிந்தவர் கையில் விடவேண்டும். 12 வோல்ட்தானே என்று எண்ணக்கூடாது. இரு முனைகளுக்கும் இடையே ஒரு ஸ்பானரோ கைவளையோ விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து உலோகம் உருகிவிடும். இன்வர்ட்டரின் பெட்டியை எவரும் திறக்கலாகாது. நிறுத்திய பின்னும் உள்ளே வோல்ட் தங்கியிருக்கும்.

நிலத்தொடர்பைப் பற்றி ஒரு சொல். பள்ளியின் எர்த் குழி பங்குனி வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதனைச் சீர்செய்து நீர் ஊற்றினோம். இது பாதுகாப்புக்கு இன்றியமையாதது. ஆனால் இரைச்சலில் மாறுதல் சிறிதே தெரிந்தது. எர்த் போட்டால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் சற்று அதிகம்.

பண்பலை வானொலிக்கு இத்தொல்லை குறைவு என்பது உண்மையே. மத்திய அலையில் குரல் அலையின் உயரத்தில் ஏறி வருகிறது. இரைச்சலும் உயரத்தையே கெடுக்கிறது. பண்பலையிலோ குரல் அதிர்வெண்ணின் மாறுதலில் வருவதால், பெட்டி உயரத்தை ஒரே மட்டமாக வெட்டிவிட்டு எஞ்சியதைக் கேட்கிறது. ஆனால் பண்பலை ஏறத்தாழப் பார்வைக்கெட்டும் தூரமே செல்லும். நிலையம் தொலைவிலுள்ள ஊர்களுக்கு மத்திய அலையே துணை.

மீனவர்களின் கவனத்துக்கு ஒன்று. படகுகளிலுள்ள வி.எச்.எப். கம்பியில்லாக் கருவியும் பண்பலை முறையில் இயங்குவதே. ஆகையால் இரைச்சல் காதுக்குக் கேட்பதில்லை என்று நிம்மதி கொள்ளலாகாது. அக்கருவியில் வெற்று ஒலியை மறைக்க 'ஸ்குவெல்ச்' என்ற திருகு உண்டு. இன்வர்ட்டரோ எல்.இ.டி. விளக்கோ தரும் இரைச்சல் ஏறும்போது, தொலைவிலிருந்து மெலிதாக வரும் அழைப்பு அதில் மூழ்கிப்போகும். கருவி மௌனமாகவே இருக்கும். அழைக்கப்பட்டதையே படகிலிருப்பவர் அறியமாட்டார். 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை, எல்.இ.டி. விளக்குகளால் கப்பல்களின் வி.எச்.எப். கருவிகள் இவ்வாறு செவிடாவதாக எச்சரிக்கை வெளியிட்டு, ஓர் எளிய சோதனையும் கூறியது. எவரும் பேசாத ஓர் அலைவரிசையில் கருவியை வைத்து, இரைச்சல் அப்போதுதான் நிற்கும் அளவுக்கு ஸ்குவெல்சைத் திருகவேண்டும். பிறகு விளக்கைப் போடவேண்டும். மீண்டும் இரைச்சல் எழுந்தால் குறுக்கீடு இருக்கிறது. இன்வர்ட்டருக்கும் இச்சோதனையே பொருந்தும். கரையில் செய்துவிட்டுக் கடலுக்குப் போகலாம்.

புதிதாக இன்வர்ட்டர் வாங்கும் ஊராட்சிகள் 'சைன் வேவ்' வகையையே கேட்கவேண்டும். அதன் வெளிவரும் அலை வளைந்தது. விசிறியும் ரேடியோவும் முனகுவதில்லை. ஆனால் பெயரை மட்டும் நம்பிவிடலாகாது. அதுவும் உள்ளே உயர் வேகத்தில் மின்சாரத்தை வெட்டித்தான் அவ்வலையை உருவாக்குகிறது. வெளிமுனையில் வடிகட்டி செம்மையாக இல்லாவிடில் மத்திய அலையில் விசில் கேட்கும். ஆகவே கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொண்டுபோகுமாறு எமது வட்டார ஊராட்சிச் செயலர்களிடம் சொல்லியிருக்கிறோம். கடைக்காரர் இன்வர்ட்டரை ஒரு விளக்கோடு ஓடவிடட்டும். ஓர் எட்டடி தள்ளி நின்று, நமக்குப் பழக்கமான நிலையத்தைக் கேட்டுப் பார்க்கவேண்டும். முதல் முறை ஒரு கடைக்காரர் சிரித்தார். இரண்டு பெட்டிகளுக்கு இடையே வேறுபாட்டை அவரே கேட்டபின் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பள்ளியில் இப்போது இன்வர்ட்டர் ஓடும்போதே திருச்சி நிலையத்தின் செய்தி புரியும்படி கேட்கிறது. ஆயினும் முற்றிலும் அமைதி என்று சொல்வதற்கில்லை. ஆதலால் இன்வர்ட்டர் பெட்டியின்மீது ஒரு தாளை ஒட்டியிருக்கிறோம்: "புயல் நாட்களில் செய்தி நேரத்தில் பத்து நிமிடம் நிறுத்துக. டார்ச் விளக்கு மேசை இழுப்பறையில்." வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஐப்பசி முதல் வாரத்தில், அந்த டார்ச்சுக்கும் வானொலிக்கும் புதிய மின்கலங்கள் வாங்கி வைப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு.